தேர் பார்க்க ஏற்ற பால்கனி

குறை கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் புருஷன் வீட்டார் இதை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை மேசைமேல் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, ஜரிகை தூக்கிக்கொண்டு நிற்கிறதா, உடலும் கரையும் சேருகிற கோர்வை நேராக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். இருபது வருஷமாக ஒரே பழக்கம். எந்தப் புடவையையும் முதலில் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன். நல்ல பக்கத்தைக் காட்ட நெசவாளி இருக்கிறார், கடைக்காரர் இருக்கிறார், அதற்கு நான் எதற்கு? அறுந்த இழையை முடிச்சுப் போட்டுச் சமாளித்ததெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

இப்பேர்ப்பட்டவள் வாடகைக்கு வீடு பார்க்கப் புறப்பட்டால் எப்படி இருக்கும்?

நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப் போவதாக ஓனர் ஆடி மாசம் சொன்னார். கோயில் ஊரில் குடும்பத்தைவிட யாத்திரை வருகிறவர்கள் மேல் என்பது அவர் கணக்கு. எங்கள் மகள் அகிலா அந்த வருஷம் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. என் வீட்டுக்காரர் சிவபாலனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இப்போது ஒரு தடவை மூட்டை கட்டலாம், அவள் பரீட்சை முடிகிறவரைக்கும் இன்னொரு தடவை கட்ட மாட்டேன். அவர் சரி என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர் அவர். பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அண்ணன் வீட்டுத் தறியில் நெய்கிறார். பாவில் ஒரு இழை போனால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பார். வீட்டில் கூரையே போனாலும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து நாற்பது கேள்வி எழுதினேன். சங்கத்தில் புடவைக்குக் குறை எழுதும் படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். பழைய வீடு என்றால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர், தெரியாதவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று எல்லோரையும் கேட்டேன். புரோக்கருக்கு ஆரம்பத்தில் என்மேல் மரியாதை இருந்தது. முதல் வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் என்றார்கள், குழாயைத் திறந்தால் இருபத்து நாலு மணி நேரமும் காற்று வந்தது. இரண்டாவது வீட்டில் சுவிட்ச் போர்டு கருகியிருந்ததைக் கேட்டேன், அது போன தீபாவளி வெடி என்றார்கள். மூன்றாவது வீட்டில் நாலு சுவரில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை, அதன்மேல் பெரிதாக ஒரு பிள்ளையார் காலண்டர். பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி விரலால் அழுத்தினேன். விரல் சுவருக்குள் போயிற்று. அதற்குப் பிறகு புரோக்கர் என் போனை எடுப்பதற்கு யோசிக்க ஆரம்பித்தார்.

நாலாவதாகக் காட்டியதுதான் 'நவீன நந்தவனம்'. தேர் போகிற ராஜவீதியில் மூன்று மாடிக் கட்டடம். எண்பத்தெட்டில் கட்டியபோது நவீனமாகத்தான் இருந்திருக்கும். நந்தவனத்துக்குச் சாட்சியாக வாசலில் ஒரு துளசி மாடம் இருந்தது, அதில் துளசி இல்லை. முதல் மாடியில் தெருவைப் பார்த்த வீடு எங்களுக்கு. ஓனர் கோதண்டபாணி முசரவாக்கத்துக்காரர். ஊரில் நெல்லும் கட்சியும், டவுனில் இந்த வீடும் வைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய அம்மா.

என் பெயரைக் கேட்டார். ஏலவார்குழலி என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்பாள் பேரும்மா. இந்த வீட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

சைவமா என்று கேட்டார். தலையாட்டினேன். பெயருக்காகவே வாடகையில் கொஞ்சம் குறைத்தார். எங்களைப் பற்றி அவர் செய்த சோதனை அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டைப் பற்றி நான் செய்த சோதனை மூன்று மணி நேரம் நடந்தது.

குளியலறையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன், அது ஜலதாரையை மதிக்காமல் சமையலறைப் பக்கம் நடந்தது. எழுதிக்கொண்டேன். கூடத்தில் ஒரு கோலிக்குண்டை விட்டேன், நின்ற இடத்திலேயே நின்றது. நல்லது. கதவு நிலைகளைத் தட்டித் தட்டிக் கரையான் சத்தம் கேட்டேன். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்தேன், உள்ளே ஒரு புறா இறகும் இரண்டு தலைமுறைப் பாசியும் இருந்தன. கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்டேன். எர்த் இருக்கிறதா என்று கேட்டேன். ஒவ்வொரு ஜன்னலாக நின்று போனில் சிக்னல் பார்த்தேன். கடைசியில் பதினாலு குறை தேறியது. கோதண்டபாணி முகம் சுளிக்காமல் பதினொன்றைச் சரிசெய்து கொடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்க இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பால்கனிக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்தேன். பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம், மொசைக் தரை. கம்பியை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மழைத்தண்ணீர் போகிற ஓட்டையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுங்காகப் போயிற்று. எதிரே ராஜகோபுரம் முழுசாகத் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் தேர் பார்க்க இதைவிட ஏற்ற பால்கனி கிடையாது என்றார் புரோக்கர். சிவபாலன்கூட அன்றைக்கு வாயைத் திறந்து, தேர் நன்றாகத் தெரியும் என்று ஒரு வாக்கியம் சொன்னார். கீழே, பால்கனிக்கு நேர் அடியில், புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொடுக்கும் அம்சா உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குமேல் நீல நிறப் பிளாஸ்டிக் படுதா ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே பால்கனியே நிழலாக இருக்கும்போது வெயில் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டிய நாற்பத்தோராவது கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தையும் விடவில்லை, இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாவது ஷரத்தில், தேர்த் திருவிழா அன்று உரிமையாளர் வீட்டார் வீட்டின் முன்பக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று இருந்தது. ஒரு வயதான தம்பதி, இரண்டு பேரப்பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல் என்று கற்பனை செய்துகொண்டேன். தேர் அன்று வீட்டுக்கு நாலு பேர் வராவிட்டால்தான் இந்த ஊரில் அவமானம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாசம் நன்றாகத்தான் போயிற்று. அகிலா பால்கனிப் பக்கத்து அறையில் உட்கார்ந்து படித்தாள். பங்குனி பிறக்கும் சமயத்தில் கோதண்டபாணி அவர் மனைவி அங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தையும் பால்கனியையும் இருவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன்.

"இந்த வருஷம் கம்மிதாம்மா. நாப்பது, நாப்பத்தஞ்சு."

முசரவாக்கத்தில் அவர்கள் வகையறா முழுக்க வருஷா வருஷம் இரண்டு வேனில் வந்து அந்தப் பால்கனியில் நின்றுதான் தேர் பார்ப்பார்களாம். ஊரில் அவருக்கு இருக்கிற பாதி மரியாதை அந்தப் பன்னிரண்டு அடியால் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வருஷம் பரீட்சையும் திருவிழாவும் கைகோத்துக்கொண்டு வந்தன. தேர் முடிந்து ஒரு நாள் விட்டு மறுநாள் அகிலாவுக்கு இயற்பியல். நாற்பது பேர் கூடத்தில் இட்லி சாப்பிடும்போது அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. அப்போது நான் கவலைப்பட்டது சத்தத்தைப் பற்றி மட்டும்தான்.

அந்த வாரம் என் அக்கா மகள் கல்யாணப் புடவை ஒன்றை அம்சாவிடம் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்தேன். வாங்கி வந்து வழக்கம்போலத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மடிப்புக்குள் நறநறவென்று ஏதோ இருந்தது. சிமெண்ட் பொடி. அரக்கு நிறப் பட்டில் சிமெண்ட் பொடி என்றால் எனக்கு எப்படி இருக்கும்? விடுவிடுவென்று கீழே இறங்கிப் போய், என்ன வேலை செய்கிறாய் நீ என்று அம்சாவை ஒரு பிடி பிடித்தேன். அவள் மேலே படுதாவைக் காட்டினாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, படுதாவின் ஒரு முனையை அவிழ்த்தேன். ஒரு முறம் காரை என் தலையில் கொட்டியது.

பால்கனியின் அடிப்பக்கத்தில் சிமெண்ட் என்பதே பாதிக்கு மேல் இல்லை. கம்பிகள் துருப்பிடித்து, வீங்கி, உரிந்து, உடைந்த குடைக் கம்பி மாதிரி வெளியே தொங்கின. சுவரோடு சேருகிற இடத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் போகும். மேலே மொசைக் பளபளவென்று இருக்கிறது. ஆறு மாசமாக அதன்மேல் நின்றுதான் அகிலா தலை உலர்த்துகிறாள்.

எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் கடை போட்ட நாளிலிருந்து, ஆறு வருஷமாக என்றாள். தெரிந்துமா உட்கார்ந்திருக்கிறாய் என்றேன்.

"மேல ஒண்ணு ரெண்டு பேர் நின்னா ஒண்ணும் ஆவாதுக்கா. தேர் அன்னிக்கி மட்டும் நான் கடை போட மாட்டேன்" என்றாள் அம்சா.

அதாவது, கீழே குஞ்சம் கட்டுகிற பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்க் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் மேலே நிமிர்ந்து பார்க்கிற மாட்டுக்கும் தெரிந்திருக்கும். எந்தப் புடவையையும் திருப்பிப் பார்க்காமல் விடாத தரப் பரிசோதகர் ஏலவார்குழலிக்கு மட்டும் தெரியவில்லை. வீட்டை நான் நல்ல பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். படுதாவுக்கு அடியில் போய் ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் முடிந்திருக்கும். வெட்கத்தில் எனக்கு அம்சா முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கோதண்டபாணி மறுநாளே வந்து பார்த்தார். பார்த்தார் என்றால், படுதாவுக்கு வெளியே மூன்றடி தள்ளி நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டில் போட்ட கம்பி அந்தக் காலத்துச் சரக்கு, இந்தக் காலத்துக் கம்பி மாதிரி இல்லை என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக வகையறாவே நின்று பார்க்கிற இடம், சாமி எதிரே வரும்போது எதுவும் ஆகாது என்றார். ஆனாலும் நான் சொன்னதற்காகச் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்து, மாணிக்கவேல் என்ற கொத்தனாரை அனுப்பினார். மாணிக்கவேல் இரண்டு நாள் வேலை செய்தார். தொங்கிய கம்பிகளை உள்ளே அமுக்கி, மேலே பூச்சுப் பூசி, நல்ல மஞ்சள் வண்ணம் அடித்தார். நடுவில் ஒரு தாமரைகூட வரைந்தார். முன்பு பால்கனிக்கு மேல் பக்கம் மட்டும்தான் அழகாக இருந்தது.

வேலை முடிந்து கை கழுவும்போது அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, இனிமேல் தாங்குமா என்று கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"பூசச் சொன்னாங்க, பூசினேன். அஞ்சாறு பேர் நிக்கலாம். நாப்பது பேர்னா நான் அந்தத் தெருவுலயே நிக்க மாட்டேம்மா."

யாரிடமாவது புகார் கொடுக்கலாம் என்று சிவபாலனிடம் சொன்னேன். கொடுத்தால் கட்டடத்தையே காலிசெய்யச் சொல்வார்கள், பதினொரு குடும்பமும் அம்சாவும் தெருவில் நிற்பார்கள், நாமும்தான் என்று அவரே நினைவுபடுத்தினார். அது உண்மைதான். கோதண்டபாணிக்குப் போன் போட்டு, இந்த வருஷம் மட்டும் ஆட்களைக் கீழே நிற்க வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒப்பந்தத்தில் பன்னிரண்டாவது ஷரத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அது பிடிக்காவிட்டால் வீட்டைக் காலிசெய்துகொள்ளலாம், தேருக்கு முன்னாலேயே என்றாலும் தனக்குச் சம்மதம் என்றார். நடுப் பரீட்சையில் நான் மூட்டை கட்ட மாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல் இருந்தால் அகிலா நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள். இடிந்து விழாமலும் போகலாம், முப்பது வருஷம் விழவில்லையே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சங்கத்தில் ஒரு நெசவாளி இப்படிச் சொல்லியிருந்தால் புடவையைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்திருப்பேன்.

தேர் அன்று காலையில் அகிலாவைப் புத்தகத்தோடு பிள்ளையார்பாளையத்துக்கு அனுப்பினேன். பிறகு கடைக்குப் போய் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு வாங்கி வந்து பால்கனியின் கம்பிக் கதவில் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சிவபாலன் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்றார்.

இரண்டு வேன் வந்தது. வீட்டுக்குள் நாற்பத்து மூன்று பேர், நான் எண்ணினேன். இட்லி, சட்னி, குழந்தைகள், குழந்தைகளைத் தேடுகிறவர்கள். தெருமுனையில் மேளம் கேட்டதும் எல்லோரும் பால்கனிக் கதவை நோக்கி நகர்ந்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள். கோதண்டபாணி சாவி எங்கே என்று கேட்டார். என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்றேன். அவர் சிவபாலன் பக்கம் திரும்பி, நீயாவது உன் சம்சாரத்துக்கு எடுத்துச் சொல்லப்பா என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்கிற என் புருஷன் நேராகப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"அவ பாத்துட்டு சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

கோதண்டபாணி பூட்டை உடைக்கச் சுத்தியல் கேட்டார். வகையறாவில் யாரோ ஒருவர் வேனுக்கு இறங்கப் போனார். அப்போது நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"சுத்தியல் வேணாம், சாவியே தர்றேன். நீங்க மட்டும் கீழ போயி, அம்சா உக்கார்ற எடத்துல, இந்தப் பால்கனிக்கு அடியில நில்லுங்க. நீங்க நின்னுக்கினு இருக்கீங்கனு பாத்துட்டு நான் மேல எல்லாரையும் விடறேன்."

அவர் என்னை முறைத்தார். கீழே போகவில்லை. அங்கம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா ஒண்ணும் ஆவலன்னுதான சொன்னீங்க? போயி நில்லுங்களேன்" என்றார் அங்கம்மாள்.

அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நாற்பத்து மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். முதலில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். படியிறங்கித் தெருவுக்குப் போய், எங்கள் கட்டடத்தைவிட்டு நன்றாகத் தள்ளி, எதிர்ச்சாரியில் போய் நின்றார்கள். தேர் வந்தது, போயிற்று. பால்கனி விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை, அதற்குப் பிறகும் இதுவரை விழவில்லை. கோதண்டபாணி இன்றைக்கும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போகும்போது அவர் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் வீட்டைக் காலிசெய்துவிட வேண்டும் என்று சிவபாலனிடம் சொன்னார். என் பெயர் அம்பாள் பெயர் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அகிலா பரீட்சைகளை எழுதி முடித்தாள். பெரியப்பா வீட்டில் இரண்டு தறிச் சத்தத்துக்கு நடுவே படித்த இயற்பியல்தான் நன்றாக எழுதினாளாம். நாங்கள் செவிலிமேட்டில் ஒரு வீடு பிடித்தோம். இந்தத் தடவை வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் சுற்றிலும் நடந்து, ஒவ்வொரு சன்ஷேடுக்கு அடியிலும் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் எனக்குக் கழுத்து வலி என்று நினைத்திருப்பார்கள்.

சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று அடுத்த வாடகைக்காரர் வீட்டைப் பார்க்க வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் ஜான்சன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி சந்தியா மாசமாக இருந்தாள். அந்தப் பையன் குழாயைத் திறக்கவில்லை, சுவரைத் தட்டவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நல்லா இருக்குக்கா என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடிக்காத குறையாகக் கீழே கூட்டிக்கொண்டு போய், அம்சாவை நகரச் சொல்லி, மஞ்சள் பூச்சையும் தாமரையையும் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்.

"இது பன்னெண்டாவது வீடுக்கா. போன்ல எல்லாரும் 'வாங்க தம்பி'னுதான் சொல்றாங்க. பேரைச் சொன்னதும் அந்த வீடு வேற யாருக்கோ முடிஞ்சிபூடுது. பதினோரு வீட்லயும் நான் வீட்டையே பாக்கல, அவங்கதான் என்னைப் பாத்தாங்க. இவர் ஒருத்தர்தான் சாவி தர்றேன்னு சொன்னாரு."

பிறகு கொஞ்சம் சிரித்தான். அவர் ஏன் சரி என்றார் என்று இப்போது புரிகிறது, எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்திருக்கிறார் என்றான்.

நாற்பது கேள்வியோடு நான் ஊர் சுற்றியபோது, என்னிடம் ஒருவரும் இரண்டு கேள்விக்கு மேல் கேட்கவில்லை. அந்த இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இருந்தது, அதுவும் நான் பிறந்தபோதே கிடைத்தது. அதை நான் ஒரு தகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பால்கனிக் கதவிலிருந்து பித்தளைப் பூட்டைக் கழற்றப் போனவள், கழற்றாமல் சாவியை ஜான்சன் கையில் கொடுத்தேன். பங்குனி வந்தால் அவர் கேட்பார், அப்புறம் உன் இஷ்டம் என்றேன். அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறு வருஷம் தேருக்குப் பஸ் ஏறி வந்தேன். அகிலா சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். ராஜவீதியில் கூட்டம் நெருக்கியடித்தது. தேர் அசைந்து வரும்போது எல்லோரும் தலைக்குமேல் கையைக் கூப்பிச் சாமியைப் பார்த்தார்கள். நான் முதல் மாடியைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். பால்கனியில் ஒருவரும் இல்லை. கம்பிக் கதவில் என் பித்தளைப் பூட்டு தொங்கியது.

எதிர்ச்சாரியில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு முசரவாக்கத்து வகையறா உட்கார்ந்திருந்தது. அங்கம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோதண்டபாணி பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, அம்சாவின் ஸ்டூலில் சந்தியா உட்கார்ந்திருந்தாள், ஜான்சன் தோளில் துண்டு போட்டு அதன்மேல் குழந்தையைத் தூக்கி வைத்துத் தேரைக் காட்டிக்கொண்டிருந்தான். பூட்டைப் பார்த்த சந்தோஷத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர்களிடம் போனேன்.

"பூட்டிட்டேன்க்கா. நானும் உங்க மாதிரியே, அடியில போயி நில்லுங்கன்னு சொன்னேன்" என்றான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மாசக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லிவிட்டாராம். பதிமூன்றாவது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். குழந்தை அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பூட்டைக் கொடுத்தவள் நான். நான் பூட்டியபோது எனக்குப் பஸ் தூரத்தில் ஒரு வீடு கிடைத்தது.

செவிலிமேட்டில் எங்களுக்கு மேலே உள்ள மாடி வீடு வாடகைக்குக் காலியாக இருப்பது நினைவு வந்தது. தண்ணீர் இருக்கிறது, எர்த் இருக்கிறது, சன்ஷேடுக்கு அடியில் நானே நின்று பார்த்திருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். என் படிவம்கூடப் பையில் இருந்தது, அதை எடுத்து நீட்டினேன். ஜான்சன் அதை வாங்கி மரியாதைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்த நாற்பது கேள்வியில் ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை.

"ஓனர் என்ன கேப்பாருக்கா?" என்றான்.

"பேரைக் கேப்பாரு" என்றேன்.